சேலத்து நீர் யார் பொறுப்பில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாநகரிலும் சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் ஏற்காட்டிலும் குடியிருப்பவர்கள், விவசாயிகள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோர் நீர் தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்தத் தண்ணீருக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ஆகவே பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

சேலம் மாநகரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி காவிரியிலிருந்து வருகிறது. மேட்டூர்ப் பகுதியில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீர், குழாய்கள் வழியாக நகரின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரித்து விடப்படுகிறது. வழியில் எங்காவது பெரிய குழாய் உடைந்தால் நகரின் பல வார்டுகளில் ஒரே சமயத்தில் விநியோகம் நின்றுவிடுவது இதனால்தான்.

காவிரித் தண்ணீர் வருவதற்கு முன்பு, நகருக்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி ஏரிதான் சேலத்துக்குக் குடிநீர் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிநீருக்கென்றே அமைக்கப்பட்ட, இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த ஏரி இன்றும் மாநகராட்சியின் உடைமையாகவே உள்ளது. மேட்டூர்க் குழாய் வந்தபின் நகரத்துக்கு அதன் தேவை இல்லாமல் போயிற்று. தேவை போனதும் கவனிப்பும் போயிற்று. வரத்து ஓடைகள் அடைபட்டன, நீர் நின்ற பரப்பில் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்தது. அந்த ஏரி வறண்டதற்கு மழைக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான் என்பது இதை எழுதுபவரின் கருத்து. தூரத்துத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதும், பக்கத்துத் தண்ணீரைக் கேட்க ஆளில்லாமல் போனது மீதிப் பாதி.

மேட்டூர் அணை நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது? அதன் நீரில் நமக்கு முன்னுரிமை இல்லையா?

அணை நம் மாவட்டத்தில் இருக்கிறது. நீர் முழுவதும் நம் மாவட்டத்துக்கு உரியதன்று. 1925இல் தொடங்கி 1934இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, முதன்மையாகக் காவிரி டெல்டாப் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. 120 அடி வரை நீர் நிற்கும்போது அதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி குறுவை சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது. அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் வழியாகச் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது.

அணைக்கு எவ்வளவு நீர் வரவேண்டும் என்பதும் இங்கே முடிவாவதில்லை. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு அளித்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அந்தக் குறைப்புக்குக் காரணங்களுள் ஒன்று, தமிழ்நாட்டுப் படுகைப் பகுதியின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நிலத்தடி நீரையும் மேற்பரப்பு நீரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட இடம் அது. நம் ஊர் நிர்வாகத்தில் இரண்டும் இன்னும் தனித்தனி அலுவலகங்களின் தனித்தனிக் கோப்புகளாகவே கிடக்கின்றன.

குடிநீரைப் பொறுத்தவரை அச்சம் வேண்டியதில்லை. நீர்ப் பகிர்வில் குடிநீருக்கே முதலிடம் என்பது தேசிய, மாநிலக் கொள்கைகள் இரண்டிலும் உள்ளது. பத்து லட்சம் பேருக்கு, நகர்ப்புற அளவுகோலான ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், நாளுக்கு 13.5 கோடி லிட்டர் வேண்டும். ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,832 கோடி லிட்டர். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒன்றே முக்கால் டிஎம்சி போதும். அணையின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதி. கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றியன்று, ஒரே ஆற்றையும் அதிலிருந்து வரும் குழாய்களையும் நம்பி ஒரு மாநகரம் இருப்பதைப் பற்றி. 2024ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம்: போதிய நீர் இல்லாததால் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை, ஜூலை 30 அன்று அதே அணை 120 அடியை எட்டி, உபரிநீர் ஆற்றில் போயிற்று. ஏழு வாரங்களுக்குள் வறட்சி, வெள்ளம் என்ற இரண்டு எல்லைகளையும் தொடும் ஆறு அது.

அப்படியானால் சேர்வராயன் மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது?

சேலம் சமவெளியில் ஆண்டுக்குச் சராசரியாக 900 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏற்காட்டில் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவமழைகளும் இங்கே ஏறத்தாழச் சரிபாதியாகப் பங்களிக்கின்றன. சித்திரை, வைகாசி மாதங்களின் இடிமழையும் குறைவன்று. ஆண்டில் பல மாதங்களில் மழை பரவிக் கிடப்பது சேலத்துக்கு வாய்த்த நல்ல வசதி.

இந்த மலையிலிருந்து திருமணிமுத்தாறு இறங்கிச் சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. சரபங்கா ஆறு மேற்குப் பக்கமாக ஓமலூர், எடப்பாடி வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. மாவட்டத்தின் கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் வேறு மலைகளிலிருந்து வந்து வெள்ளாற்றுக்குப் போகின்றன. இவை எதுவும் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறுகள் அல்ல. மழை பெய்த சில மணி நேரத்தில் பொங்கி வந்து, சில நாளில் வடிந்துவிடும் இயல்புடையவை. அந்தச் சில மணி நேரத்து நீரைப் பிடித்து வைப்பதற்காகத்தான் அடிவாரத்திலிருந்து ஏரிகளைச் சங்கிலித் தொடராக வெட்டினார்கள்: மேல் ஏரி நிரம்பி, உபரிநீர் வழிவதற்கான கோடியில் நீர் விழுந்தால் அது அடுத்த ஏரிக்குப் போகும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததையும் திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வந்து தாழ்வான பகுதிகளில் புகுந்ததையும் சேலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் புகுந்த தெருக்கள் பலவற்றின் பழைய வருவாய் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்திருக்கிறது என்பது தெரியும்.

மழை நன்றாகப் பெய்தும் எங்கள் ஏரி நிரம்புவதில்லை. ஏன்?

இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியுள்ளது.

ஏரி என்பது கரையும் நீர்ப்பரப்பும் மட்டுமன்று. நீர்ப்பிடிப்புப் பகுதி, வரத்து வாய்க்கால், கரை, மதகு, கோடி, உபரிநீர் வாய்க்கால், ஏரி நீரால் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. கண்ணுக்குத் தெரிவது நீர்ப்பரப்பு என்பதால் புகார்களும் போராட்டங்களும் நிதி ஒதுக்கீடும் அதைச் சுற்றியே நடக்கின்றன. ஆனால் பெரும்பாலான ஏரிகள் செத்தது வரத்து வாய்க்காலில்.

அடிவாரத்து ஏரி எதையாவது எடுத்துக்கொண்டு, அதன் வரத்து ஓடை வழியே மேல்நோக்கி நடந்து பாருங்கள். வரைபடத்தில் பதின்மூன்று அடி அகலம் காட்டும் ஓடை, தொடக்கத்தில் ஏறக்குறைய அதே அகலத்தில் புதர் மண்டிக் கிடக்கும். சற்று மேலே போனால் மனைப்பிரிவுக்குப் போட்ட தார்ச்சாலை அதைக் குறுக்கே வெட்டியிருக்கும். சாலைக்கு அடியில் ஒற்றைக் குழாய் பதித்திருப்பார்கள், அதன் வாயில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் பைகளும் தென்னை மட்டையும் அடைத்திருக்கும். அதற்கும் மேலே ஓடையின் ஒரு கரையை ஒட்டி மதில் எழும்பியிருக்கும். மதில் எழும்பிய பக்கத்தில் ஓடை நான்கடிச் சாக்கடையாகக் குறுகி, கான்கிரீட் தளம் போடப்பட்டு, வீடுகளின் கழிவுநீர் அதில் விடப்பட்டிருக்கும். இத்தனையையும் தாண்டி ஏரிக்கு வந்து சேர்வது சாக்கடை நீரும், பெருமழையன்று மட்டும் கொஞ்சம் மழைநீரும்தான். மழை ஓடையில் போக முடியாமல் தெருவில் போகிறது. அதைத்தான் வெள்ளம் என்று செய்தியில் படிக்கிறோம்.

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு அலுவலகம் அனுமதி கொடுத்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. மனைப்பிரிவுக்கு ஓர் அலுவலகம், சாலைக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, கழிவுநீர்க் கால்வாய்க்கு ஒன்று. ஓடையின் தலை முதல் கால் வரை ஒரே பார்வையில் பார்ப்பதற்கென்று எவரும் இல்லை. நீர் நிர்வாகத்தில் முதலில் சரிசெய்ய வேண்டிய குறை இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஏரியும் ஓடையும் யாருக்குச் சொந்தம்? புகாரை யாரிடம் கொடுப்பது?

நீர்நிலைகள் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் எனப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். நிலம் அரசுக்குச் சொந்தம். பராமரிப்புதான் பிரிந்து கிடக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடம் இருந்தன. 2021இல் நீர்வளத் துறை தனித்துறையானதும் அதன் பொறுப்புக்கு வந்தன. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ளன. மாநகர எல்லைக்குள் உள்ளவற்றில் பல மாநகராட்சியின் கவனிப்பில் இருக்கின்றன. வனத்துக்குள் இருக்கும் ஓடைகள் வனத்துறையைச் சேர்ந்தவை. ஆக, காப்புக்காட்டில் பிறந்து, ஊராட்சி வழியாக ஓடி, மாநகராட்சிக்குள் நுழைந்து, நீர்வளத் துறை ஏரியில் விழும் ஓடைக்கு நான்கு அதிகாரிகள்.

ஆக்கிரமிப்பு என்றால், நீர்வளத் துறை ஏரிகளுக்குத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 பொருந்தும். ஏரி எல்லையை அளந்து, அறிவிப்புக் கொடுத்து, ஆக்கிரமிப்பை அகற்ற அது வழி செய்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து வந்த சட்டம் அது. மற்ற நீர்நிலைப் புறம்போக்குகளுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டியவர் வட்டாட்சியர்.

தூர்வாரினால் போதாதா?

வரத்து வாய்க்கால் சரியாக இருந்து, ஏரியில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருந்தால், தூர்வாருவது பயன் தரும். வாய்க்கால் அடைபட்ட ஏரியைத் தூர்வாருவது ஆழமான வறண்ட குழியைத்தான் உண்டாக்கும்.

தமிழ்நாட்டில் குடிமராமத்து என்பது பழைய வழக்கம். ஆயக்கட்டுதாரர்களே ஆண்டுதோறும் கூடி வாய்க்காலையும் கரையையும் செப்பனிட்டார்கள். மதகைத் திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு நீர்க்கட்டி இருந்தார். ஆங்கிலேயர் 1858இல் அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, பணியின் மதிப்பில் பத்து விழுக்காட்டை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்று வைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஏரி வெட்டியதும் கலைந்துவிடும் சங்கத்தைக் குடிமராமத்து என்று அழைப்பது பெயருக்குப் பொருந்தவில்லை. பழைய முறையின் உயிர் அது ஆண்டுதோறும் நடந்ததில் இருந்தது.

வண்டல் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏரியின் அடித்தளத்தை மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டினால் அந்த நீர் பாசனத்துக்கு வராது. கரையின் அடிப்பகுதியை ஒட்டி வெட்டினால் கரை பலவீனமாகும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து வண்டலும் களிமண்ணும் எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. அந்த அனுமதியின் மறைவில் கிராவல் மண் விற்பனைக்குப் போவதை ஊர் மக்கள்தான் கண்காணிக்க முடியும்.

கண்ணங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை நல்ல உதாரணமாகச் சொல்லலாம். சேலம் மக்கள் குழு 2010இல் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அந்த ஏரியைச் சீரமைக்க முன்வந்தது. எடுத்த மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள்; இன்று அவற்றில் பறவைகள் தங்குகின்றன. அங்கே வேலை பலித்ததற்கு, ஏற்காட்டு மலைச்சரிவிலிருந்து அந்த ஏரிக்கு வரும் நீர்வழி முற்றிலும் அழிந்துபோகாமல் இருந்ததும் ஒரு காரணம். இதே முறையை வரத்து இல்லாத ஏரியில் செய்தால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மேட்டூர் உபரிநீரை ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. அணை நிரம்பி வெளியேறும் நீரில் சுமார் அரை டிஎம்சியைத் திப்பம்பட்டியில் மின்மோட்டார் வைத்து ஏற்றி, சரபங்கா வடிநிலத்தில் உள்ள 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம், 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2020இல் தொடங்கப்பட்டது. டெல்டா விவசாயிகள் தங்கள் பங்கு குறையும் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உபரிநீரை மட்டுமே எடுப்போம் என்று அரசு பதில் சொன்னது.

நீர் பெற்ற ஊர்களில் கிணறுகள் ஊறுவது மறுக்க முடியாத பயன். எனினும் இரண்டு வரம்புகளை நினைவில் வைக்க வேண்டும். அணை நிரம்பாத ஆண்டில், அதாவது தண்ணீர் மிகவும் தேவைப்படும் ஆண்டில், உபரி என்று ஒன்று இருக்காது. அடுத்து, ஏற்றுவதற்கு மின்கட்டணம் ஆண்டுதோறும் உண்டு. மலையிலிருந்து தானாக இறங்கி வரும் நீருக்கு அந்தச் செலவு இல்லை.

என் நிலத்தில் நான் எத்தனை போர் வேண்டுமானாலும் போடலாமா?

நிலத்தடி நீர் நிலத்தின் உடைமையாளருக்கே உரியது என்ற எண்ணம் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டக் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. ஆனால் ஆறு, நீர்நிலை முதலிய இயற்கை வளங்களை அரசு பொதுமக்களின் சார்பில் அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் ஏற்றது. பிந்திய வழக்குகளில் அது நிலத்தடி நீருக்கும் எடுத்துக்காட்டப்பட்டது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, சரியாக நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. அதன்பின் அரசாணைகளின் வழியாகவே, குறிப்பாகத் தொழில், வணிகப் பயன்பாட்டுக்கு, ஒழுங்குமுறை நடக்கிறது.

இதற்கு அடிப்படை, வட்டத்தின் உட்பிரிவான குறுவட்டம் (ஃபிர்கா) வாரியான வகைப்பாடு. ஆண்டுதோறும் நிலத்துக்குள் இறங்கும் நீரில் 70 விழுக்காட்டுக்குள் எடுக்கும் குறுவட்டம் பாதுகாப்பானது. 70 முதல் 90 வரை ஓரளவு நெருக்கடி. 90 முதல் 100 வரை நெருக்கடி. 100ஐத் தாண்டினால் மிகைச் சுரண்டல். உங்கள் குறுவட்டம் எந்த வகையில் இருக்கிறது என்பதைச் சேலத்தில் உள்ள நிலத்தடி நீர்ப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்த நிலத்திலானாலும் போர் போடுமுன் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி பெறுவதும், கைவிட்ட குழியை மூடுவதும் கட்டாயம்.

ஆயிரம் அடி போட்டால் தண்ணீர் கிடைத்துவிடாதா?

சேலம் மாவட்டம் கடினப் பாறை நிலம். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையாலானது. சமவெளியில் நைஸ் பாறை. மேலே சிதைந்த மண்ணும் பருக்கைக் கல்லும் கலந்த அடுக்கில் நீர் தங்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டுமே நீர் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைந்துகொண்டே வரும். பாறைக்கு அடியில் கங்கை ஓடுகிறது என்று நம்பி ஆயிரம் அடி வரை ஓட்டிவிட்டு, கடைசி வரை புகைதான் வந்தது என்று தலையில் கை வைத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நாடு முழுவதும் போகும் போர் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடு நம் பக்கத்தில் இருப்பதால், வண்டி கிடைப்பது இங்கே எளிது; தண்ணீர் கிடைப்பது அப்படியன்று. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றி இங்கே விவாதிக்க விரும்பவில்லை. புவியியலாளரைக் கொண்டு நிலத்தின் மின்தடையை அளக்கும் முறையில் சோதித்துவிட்டு முடிவெடுப்பது செலவையாவது குறைக்கும்.

ஆழத்தில் கிடைத்தாலும் அது பெரும்பாலும் பக்கத்து வயலுக்கும் பொதுவான வெடிப்பு. ஒரே இளநீரில் நான்கு பேர் குழல் போட்டு உறிஞ்சுவதைப் போன்றது அது: யாருடைய குழல் நீளம் என்பதில்தான் போட்டி. உழவு மோட்டாருக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம் என்பதால் அந்தப் போட்டிக்கு விலை தெரிவதில்லை. அந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்று எளிதாகச் சொல்பவர்கள் கிணற்றுப் பாசன விவசாயியின் வரவு செலவைப் பார்த்ததில்லை. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் இருக்கிறது. மரவள்ளி, பாக்கு, மஞ்சள் முதலிய பயிர்களில் அதைப் பயன்படுத்துவதே உடனடியாகச் செய்யக்கூடியது.

திருமணிமுத்தாற்றில் நுரை வருகிறது. யார் காரணம்?

ஒருவரைக் கைகாட்ட முடியாது. வீட்டுக் கழிவுநீரில் கலந்திருக்கும் சோப்புத்தூள், சாயப்பட்டறைக் கழிவு, சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவு ஆகிய மூன்றும் சேர்கின்றன. தடுப்பணையில் நீர் விழும் இடத்தில் நுரை மலைபோல் எழுவதற்கு முதல் இரண்டும் பெரும் காரணம்.

சேகோ ஆலைக் கழிவின் இயல்பு வேறு. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரைத்துப் பாலெடுத்து, மாவு படியவிட்டு, மேலே தெளியும் நீரை வடிக்கிறார்கள். அந்த நீரில் நஞ்சு என்பதைவிட மாவுச்சத்தே மிகுதி. தேங்கிப் புளித்ததும் அது அமிலமாகிறது. ஆற்றில் விட்டால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை முழுவதும் தின்றுவிடுகின்றன. மூக்கைத் துளைக்கும் நாற்றம் அதனால் வருவது. இதே கழிவை மூடிய கலனில் நொதிக்கவிட்டால் சாண எரிவாயுவைப் போன்ற எரிவாயு கிடைக்கும். அதை ஆலையிலேயே எரிபொருளாகப் பயன்படுத்தும் முறை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974இன்படி ஒவ்வோர் ஆலையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்றே இயங்க வேண்டும். மழை இரவுகளில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் அடிக்கடி வருகிறது. அப்போது பாட்டிலில் நீர் பிடித்து வைத்துக்கொண்டு அது சான்றாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி வாரிய அலுவலர், உரிய அறிவிப்புக் கொடுத்து, விதித்த முறையில் எடுத்த மாதிரிதான் நீதிமன்றத்தில் செல்லும். ஆகவே நேரம், இடம், நீரின் நிறம், தேதியுடன் கூடிய படம் ஆகியவற்றை உடனே அனுப்பி, அலுவலரை வரவழைப்பதே முறை.

ஏற்காட்டில் அவ்வளவு மழை பெய்தும் கோடையில் ஏன் தண்ணீர்த் தட்டுப்பாடு?

மலை மேல் பெய்த நீர் சரிவில் தங்காது என்பது முதல் காரணம். மேட்டு நிலத்துச் சோலைகளிலும் நிழல்மரக் காபித் தோட்டங்களிலும் மண்ணுக்குள் இறங்கும் நீர், சில வாரம், சில மாதம் கழித்துக் கீழே ஊற்றாகவும் சுனையாகவும் வெளிப்படுகிறது. மலைக்கிராமங்கள் தலைமுறைகளாக அந்த ஊற்றுகளையே நம்பி இருந்தவை. ஊற்றைக் காப்பது என்றால் அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவதன்று. அதற்கு மேலே உள்ள சரிவைக் காப்பது. மேட்டில் மரத்தை வெட்டிச் சமன்படுத்தி விடுதி கட்டி, அங்கேயே போர் போட்டால், கீழே இருக்கும் ஊற்று எதையும் சொல்லாமல் வற்றிவிடும்.

ஏற்காடு வட்டத்து ஊர்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் வரம்பில் வருகின்றன. கட்டட அனுமதியில் சரிவு, மரம், நீர்வழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டியது கட்டாயம். விடுதி தண்ணீரை எங்கிருந்து எடுக்கும், கழிவை எங்கே விடும் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாத விண்ணப்பத்துக்கு ஊராட்சி தடையின்மைச் சான்று தரக்கூடாது.

காபி அறுவடையின்போது பழத்தைத் தோல்நீக்கிக் கழுவும் நீரும் கவனிக்க வேண்டியது. பழச்சதை கலந்த அந்த நீரை ஓடையில் விடாமல் குழியில் தேக்கிச் சுண்ணாம்பு சேர்த்த பின் தோட்டத்துக்கே விடுவது பல எஸ்டேட்டுகளில் வழக்கத்தில் உள்ளது. ஏற்காட்டின் பெரிய ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது என்பதால், ஏரியைச் சுற்றியுள்ள கடைகளின் கழிவு எங்கே போகிறது என்பது கீழே உள்ளவர்களின் கவலையும்கூட.

வீட்டு மழைநீர் சேகரிப்பால் உண்மையில் பயன் உண்டா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழையில், சிந்தியதும் ஆவியானதும் போக எண்பது விழுக்காட்டைப் பிடித்தால் 67,000 லிட்டர். நான்கு பேர் குடும்பம் நாளொன்றுக்கு 540 லிட்டர் செலவழித்தால், அது நான்கு மாதத் தேவை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். குழாயை மண்ணுக்குள் செருகிவிட்டுப் படம் எடுத்து அனுமதி வாங்கிய வீடுகளும் உண்டு என்பதை யாவரும் அறிவர்.

வற்றிய கிணறு இருந்தால் மாடி நீரை அதில் விடுவதே சிறந்தது. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றிவிட்டு, கருங்கல், ஜல்லி, மணல் அடுக்கின் வழியாக விட வேண்டும். தெரு நீரை எக்காரணம் கொண்டும் போருக்குள் நேரடியாக விடக்கூடாது.

போர்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

சோதிக்காமல் குடிக்கக் கூடாது. கடினப் பாறைப் பகுதிகளில் ஃபுளோரைடு மிகுதியாக இருக்கலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் விரும்பத்தக்க வரம்பு, ஒன்றரை மில்லிகிராம் உச்ச வரம்பு. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் இவ்விரண்டும் போகா. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குறைந்த கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

மீன் குத்தகை எடுத்தவர் மதகைத் திறக்க விடமாட்டேன் என்கிறார். முடியுமா?

முடியாது. மீன் குத்தகை பாசன உரிமைக்கு உட்பட்டது. குத்தகை ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை தெளிவாக இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது.

கிராம சபையில் என்ன கேட்கலாம்? மனு எப்படி எழுத வேண்டும்?

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை சிறுபாசனம், நீர் மேலாண்மை, குடிநீர் ஆகியவற்றை ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களாகக் குறிப்பிடுகிறது. எனவே இது எங்கள் வேலையில்லை என்று ஊராட்சி சொல்ல முடியாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் கிடைக்கிறதா, தொட்டி எப்போது கழுவப்பட்டது, கடைசியாக எப்போது நீர் சோதிக்கப்பட்டது என்ற மூன்றையும் கேட்டுப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லலாம்.

ஓடை அல்லது ஏரி பற்றிய மனுவில், ‘எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் அது ஏதாவது ஒரு துறைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே நிற்கும். அதற்குப் பதிலாகச் சர்வே எண், உட்பிரிவு எண், கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அது எந்த வகைப் புறம்போக்கு என்று உள்ளது, நில அளவை வரைபடமான புலப்படத்தின்படி அகலம் எவ்வளவு, இன்று நேரில் அளந்தால் எவ்வளவு, எந்த இடத்தில் எது தடுக்கிறது என்பனவற்றை எழுதுங்கள். பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். ஐயமிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மனுவில் கேட்கும் முதல் வேண்டுகோள் அளவீடாக இருக்கட்டும்: எல்லைக்கல் நட்டபின் அகற்றுவதற்கான காரணம் தானே உருவாகிவிடும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து ஒப்புகை எண் பெறுங்கள். விவசாயியாக இருந்தால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். அங்கே நீர்வளத் துறை, வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்கள் ஒரே அரங்கில் இருப்பார்கள் என்பதால், அது வேறு துறையின் பொறுப்பு என்ற பதிலுக்கு இடமில்லை. நடவடிக்கை இல்லாவிட்டால், மனுவின் மீது என்ன செய்யப்பட்டது, கோப்பு யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும்.